பாங்கின் ரொக்கமும் காலத்தின் கணக்கும்

சொந்த ஊரை விட்டு வந்து டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியிருக்கும் நம்மவர்க்கு அவ்வூர்களில் நிலபுலன்கள் பெரும்பாலும் இல்லை. அவசரத்துக்குக் கைம்மாற்று கேட்க அடுத்த தெருவில் உறவினர் வீடும் இல்லை. நாம் உழைத்துச் சேர்ப்பதெல்லாம் ஒரு பாங்குக் கணக்கில்தான் இருக்கிறது. ஆதலின், 'நாம் பணம் போட்டிருக்கும் பாங்கு உறுதியாக நிற்கிறதா?' என்பது நமக்குப் பொருளாதார நிபுணர்களின் கேள்வியன்று, குடும்பத்தின் கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடுவோர் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைத்தான் பார்க்கின்றனர். ஆண்டறிக்கையில் 'கையிலுள்ள ரொக்கம்' என்ற வரிக்கு எதிரே அச்சிடப்பட்டிருக்கும் தொகையே அது. அவ்வெண் பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அது ஏதோ ஒரு நாளின் மாலையில், கணக்கை மூடிய வேளையில் இருந்த நிலை மட்டுமே. அந்தத் தொகை அங்கு எவ்வழியாக வந்தது, எவ்வழியாகக் குறைந்தது, சென்ற ஆண்டு இதே மாதத்தில் எவ்வளவு இருந்தது என்று கேட்டால்தான் அதன் பொருள் விளங்கும். இந்த எளிய உண்மையை நம் நாடு கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. அதற்காக எண்ணற்ற குடும்பங்கள் தம் சேமிப்பை இழந்தன. அந்த வரலாற்றையே இங்கு நாம் சுருக்கமாக ஆராய்வோம்.

முதலில், பாங்கின் ரொக்கம் என்பது யாது என்று தெளிவோம். நாம் நூறு ரூபாய் டிபாசிட் செய்தால் அந்த நூறும் இரும்புப் பெட்டியில் உறங்குவதில்லை. பெரும்பகுதியைப் பாங்கு வியாபாரிக்கும் தொழிலாளிக்கும் வீடு கட்டுவோர்க்கும் கடனாகக் கொடுக்கிறது. ஒரு பகுதியைக் கொண்டு சர்க்கார் கடன் பத்திரங்களை வாங்குகிறது. எஞ்சிய சிறு பகுதியே ரொக்கமாக இருக்கிறது. அதிலும் கொஞ்சம் கைப்பெட்டியிலும், மீதி ரிசர்வ் பாங்கிலும் இருக்கும். டிபாசிட் செய்தவர் அனைவரும் ஒரே நாளில் வந்து கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையின் மீதே இந்த ஏற்பாடு நிற்கிறது. பாங்குக்கு டிபாசிட் என்பது சொத்தன்று. கேட்டபோது திருப்பித் தரவேண்டிய கடன். இதை மறந்தவர்களே வரலாற்றில் இடறி விழுந்தார்கள்.

இனி, ரொக்கம் ஏன் ஏறி இறங்குகிறது என்று பார்ப்போம். முதற் காரணம் பருவம். இந்தியா விவசாய நாடாகையால், பாங்குகளின் பணமும் பயிரைப் பின்பற்றியே நடந்து வந்தது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை பருத்தியும் சணலும் நெல்லும் அறுவடையாகிச் சந்தைக்கு வரும் காலத்தில், அவற்றை வாங்குவதற்காகப் பணம் பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் உள்நாட்டு ஊர்களுக்கு ஓடும். மழைக்காலத்தில் அப்பணம் மெல்லத் திரும்பி வரும். பிரிட்டிஷ் ஆட்சியில் நிலவரி வசூலும் ஏறத்தாழ அதே காலத்தில் நிகழ்ந்தது. 1876-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தனிக் கஜானாவில் அப்பணத்தின் ஒரு பகுதி அடைபட்டுக் கிடந்தமையால், சந்தையில் பண நெருக்கடி மேலும் கூடிற்று. ஆகவேதான், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நூற்றுக்கு 3 அல்லது 4 ஆக இருந்த பாங்கு வட்டி, குளிர்காலத்தில் 7, 8 என்று ஏறுவது ஆண்டுதோறும் காணும் வழக்கமாயிருந்தது. மூன்று மாகாணப் பாங்குகளும் 1921-இல் ஒன்றாகி இம்பீரியல் பாங்கு தோன்றிய பின்னரே அத்தனிக் கஜானா ஒழிந்தது.

இதிலிருந்து நாம் கற்பது ஒன்று. ஒரு பாங்கில் ஆகஸ்டில் 25 லட்சம் ரொக்கமும் பிப்ரவரியில் 12 லட்சமும் இருந்தால், பாங்கு தேய்ந்துவிட்டது என்று அலறுதல் பேதைமை. கடல் வற்றுகிறது என்று ஓதம் இறங்கும் நேரத்தில் கூவுவதைப் போன்றது அது. பிப்ரவரியைச் சென்ற பிப்ரவரியோடு ஒப்பிட வேண்டும். ஆகஸ்டை ஆகஸ்டோடு ஒப்பிட வேண்டும். பருவத்தால் வரும் மாற்றம் திரும்பி வரும். நோயால் வரும் மாற்றம் திரும்பி வராது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே முதற் பாடம்.

இப்பாடத்தைக் கல்லாமையின் பயனை 1913-ஆம் ஆண்டு காட்டிற்று. அதற்கு முந்திய சில ஆண்டுகளில், சுதேசி இயக்கத்தின் உற்சாகத்தால் நாடெங்கும் இந்தியர்களின் பாங்குகள் பல தோன்றியிருந்தன. சென்னையில் 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி வீழ்ந்து பல குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்திய பிறகு, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்று 1907-இல் இந்தியன் பாங்கைத் தொடங்கியதும் அக்காலத்தில்தான். வடக்கே லாகூரில் லாலா ஹர்கிஷன் லால் 1901-இல் நிறுவிய பீப்பிள்ஸ் பாங்கு கிளைகள் பல பரப்பிப் பெரும் புகழோடு விளங்கிற்று. பம்பாயில் 1906-இல் தோன்றிய இந்தியன் ஸ்பீஷி பாங்கும் அவ்வாறே.

அக்காலத்தில் பொதுமக்கள் பாங்கின் நிலையை அறிய இருந்த வழி, ஆண்டிற்கு ஓரிரு முறை வெளியாகும் ஐந்தொகைக் கணக்கு ஒன்றே. டிசம்பர் 31-இல் எவ்வளவு ரொக்கம், ஜூன் 30-இல் எவ்வளவு ரொக்கம் என்பது தெரியும். இடையிலிருந்த நாட்களில் நடந்தது தெரியாது. கணக்கு நாளை ஒட்டிச் சில கடன்களைத் திரும்ப அழைத்தும், வெளியே கைம்மாற்று வாங்கியும் ரொக்கத்தைப் பெருக்கிக் காட்டிவிட்டு, மறுவாரமே பழைய நிலைக்குத் திரும்புவது உலகெங்கும் பாங்குகள் கையாண்ட தந்திரம். விருந்தாளி வரும் நாளில் மட்டும் பக்கத்து வீட்டு வெள்ளிப் பாத்திரத்தை இரவல் வாங்கி வைப்பதற்கும் இதற்கும் வேற்றுமை அதிகமில்லை.

இந்திய நாணயத்தைப் பற்றி 1913-இல் நூல் எழுதிய ஆங்கிலப் பொருளாதார அறிஞர் கீன்ஸ், சிறிய இந்தியப் பாங்குகள் வைத்திருந்த ரொக்கம் அவற்றின் டிபாசிட்டுக்குச் சற்றும் போதாது என்றும், அடுத்த கெட்ட காலம் அவற்றைச் சாய்த்துவிடும் என்றும் அஞ்சினார். அவர் நூல் வெளிவந்த ஆண்டிலேயே அந்த அச்சம் பலித்தது. 1913 செப்டம்பரில் பீப்பிள்ஸ் பாங்கு பணம் கொடுப்பதை நிறுத்திற்று. குறுகிய காலத்துக்கு வாங்கிய டிபாசிட்டுப் பணம் நெடுங்காலத் தொழில்களில் கட்டுண்டு கிடந்தமையால், கேட்டவர்க்குக் கொடுக்க ரொக்கம் இல்லை. நவம்பரில் வெள்ளிச் சூதாட்டத்தில் சிக்கிய ஸ்பீஷி பாங்கு வீழ்ந்தது. 1913, 1914 ஆகிய ஈராண்டுகளில் மட்டும் 50-க்கு மேற்பட்ட பாங்குகள் கதவடைத்தன. லாகூரிலேயே பிறந்த பஞ்சாப் நேஷனல் பாங்கு அப்புயலில் தப்பிப் பிழைத்தது. ஒரே நகரம், ஒரே காலம், ஒரே பீதி. எனினும் ஒன்று நின்றது, மற்றொன்று விழுந்தது.

ரொக்கத்தின் தொகையைப் பார்த்து மட்டும் இத்தகைய வேற்றுமையை உணர முடியாது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். கற்பனையாக இரண்டு பாங்குகளை வைத்துக்கொள்வோம். ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டிலும் 20 லட்சம் ரூபாய் ரொக்கம். ஆண்டு முடிவிலும் இரண்டிலும் அதே 20 லட்சம். அறிக்கையைப் புரட்டுகிறவர் இரண்டும் சமம் என்பார். ஆனால் இடையில் நடந்ததைக் கேளுங்கள்.

முதற் பாங்கில் டிபாசிட் 9 லட்சம் பெருகிற்று; கடன் வாங்கியவர்கள் 6 லட்சம் திருப்பினார்கள். ஆக, வந்தது 15 லட்சம். அதில் 11 லட்சத்தைப் புதிய கடனாகக் கொடுத்து, 3 லட்சத்துக்குச் சர்க்கார் பத்திரம் வாங்கி, 1 லட்சத்தைப் பங்குதாரர்களுக்கு லாபப் பங்காகக் கொடுத்தார்கள். போனதும் 15 லட்சம்.

இரண்டாம் பாங்கில் டிபாசிட்தாரர்கள் 12 லட்சத்தை எடுத்துச் சென்றார்கள். பங்குதாரர்களுக்கு 1 லட்சம் கொடுக்கப்பட்டது. ஆக, போனது 13 லட்சம். கடன்காரர்களிடமிருந்து வந்ததோ வெறும் 1 லட்சம். குறையை நிரப்ப 8 லட்சத்துக்குச் சர்க்கார் பத்திரங்களை விற்றார்கள். மிஞ்சிய பத்திரங்களை அடகு வைத்து 4 லட்சம் கடன் வாங்கினார்கள். வந்ததும் 13 லட்சம்.

முடிவில் இரு பெட்டிகளிலும் 20 லட்சம் இருக்கிறது. முதற் பாங்கு வாழ்கிறது. இரண்டாம் பாங்கு வீட்டு உத்தரத்தை வெட்டி அடுப்பெரிக்கிறது. அடுத்த ஆண்டு விற்கவும் அடகு வைக்கவும் அதனிடம் ஒன்றுமில்லை.

இங்கே மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டாம் பாங்கு லாபப் பங்கு கொடுத்ததே, அந்த லாபம் எங்கிருந்து வந்தது? கடன்காரர் கொடுக்கவேண்டிய வட்டியைப் பேரேட்டில் வரவாக எழுதிவிட்டால் ஏட்டில் லாபம் தோன்றிவிடும். வட்டி கைக்கு வராவிட்டாலும் ஏடு அதைச் சொல்லாது. லாபம் வேறு, ரொக்கம் வேறு. வராத வட்டியைக் கணக்கிட்டு, வந்த டிபாசிட்டிலிருந்து லாபப் பங்கு கொடுத்தவர்கள் விதைநெல்லை விருந்துக்குக் குத்தினார்கள். அதுபோலவே, உயர்ந்த வட்டி காட்டிப் புது டிபாசிட்டை இழுத்து, அதைக் கொண்டு பழைய டிபாசிட்டைத் திருப்பிக் கொடுக்கும் பாங்கிலும் ரொக்கம் சில காலம் நிறைந்தே தோன்றும். ஆகவே, ரொக்கம் பெருகியது என்பது மட்டும் நற்சாட்சியாகாது.

இந்த அறிவு மெல்ல மெல்லச் சட்டத்தில் இடம் பெற்றது. ரிசர்வ் பாங்கு 1935 ஏப்ரல் முதல் தேதி வேலை தொடங்கிற்று. அதன் அட்டவணையில் சேர்ந்த பாங்குகள், கேட்டவுடன் கொடுக்கவேண்டிய பொறுப்புகளில் நூற்றுக்கு 5 பங்கும், தவணைப் பொறுப்புகளில் நூற்றுக்கு 2 பங்கும் ரிசர்வ் பாங்கில் வைத்திருக்க வேண்டும் என்று 1934-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் உள்ள நிலையைக் கணக்காக அனுப்ப வேண்டும் என்ற விதி. ஆண்டிற்கு ஓரிரு நாட்கள் மட்டும் திறந்த சன்னல், வாரந்தோறும் திறக்கலாயிற்று.

ஆயினும் சன்னல் திறந்தால் மட்டும் போதாது. உள்ளே பார்க்கவும், பார்த்ததன்மேல் நடவடிக்கை எடுக்கவும் அதிகாரம் வேண்டும். 1937-இல் திருவிதாங்கூரின் இரு பாங்குகள் இணைந்து உருவான திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கு 1938 ஜூனில் பணம் கொடுப்பதை நிறுத்திற்று. தென்னாட்டில் அந்த அதிர்ச்சி பெரிது. அதன் பின்னரே, 1939-இல், பாங்குகளுக்கென்று தனிச்சட்டம் வேண்டும் என்று ரிசர்வ் பாங்கு யோசனைகள் வகுத்து அளித்தது. இடையில் உலகப் போர் வந்தது. சட்டம் பிறந்தது 1949 மார்ச்சில். பாங்குகளைச் சோதனையிடும் அதிகாரம் அதனால் ரிசர்வ் பாங்குக்குக் கிடைத்தது. ரொக்கம், தங்கம், சர்க்கார் பத்திரம் ஆகியவற்றில் பொறுப்புகளின் நூற்றுக்கு 20 பங்கை வைத்திருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறிற்று. பத்திரங்கள் அடகு வைக்கப்படாதவையாக இருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. நம் கற்பனைக் கதையின் இரண்டாம் பாங்கை மனத்தில் கொண்டே எழுதியது போல அவ்விதி அமைந்திருக்கிறது.

அச்சட்டம் வருவதற்குச் சற்று முன்பே, நாட்டுப் பிரிவினை வடநாட்டுப் பாங்குகளைக் கடுமையாகச் சோதித்தது. பஞ்சாப் நேஷனல் பாங்கு 1947 ஜூனில் தன் பதிவு அலுவலகத்தை லாகூரிலிருந்து டில்லிக்கு மாற்றிற்று. மேற்குப் பாகிஸ்தானில் அது மூட நேர்ந்த கிளைகள் 92. அவை மொத்தக் கிளைகளில் மூன்றிலொரு பங்கு. டிபாசிட்டிலோ நூற்றுக்கு 40 பங்கு. கடன்பட்டவரும் ஈடாக வைத்த சொத்தும் எல்லைக்கு அப்பால் நிற்க, டிபாசிட் செய்தவர் அகதியாக இப்பால் வந்து நின்றார். கையில் கிடைத்த சிறு ஆதாரத்தைக் கொண்டு வந்த அகதிகளின் கோரிக்கைகளையும் அப்பாங்கு ஏற்று நடந்தது. ஊரை இழந்து வந்தவர்க்குப் பாங்குக் கணக்கு என்பது எத்தகைய பற்றுக்கோடு என்பதை, வெளியூர் வாழ்க்கை வாழும் நாம் மற்றவரைவிட நன்கு உணரலாம்.

கிழக்கே வங்காளத்தில், பிரிவினையை அடுத்த ஆண்டுகளில் பாங்குகள் பல நொறுங்கின. அங்கே கோமில்லா பாங்கிங் கார்ப்பரேஷன், கோமில்லா யூனியன், பெங்கால் சென்ட்ரல், ஹூக்ளி ஆகிய நான்கு பாங்குகளும் 1950 டிசம்பரில் ஒன்றுகூடி யுனைடெட் பாங்கு ஆப் இந்தியா ஆயின. தனித்தனியே நின்றால் வற்றிப் போகக்கூடிய வாய்க்கால்கள், ஒன்று சேர்ந்து நீரோட்டத்தைக் காத்துக்கொண்டன.

அடுத்த பெரிய பாடம் கேரளத்திலிருந்து வந்தது. 1927-இல் தோன்றிய பாலை சென்ட்ரல் பாங்கு, அம்மாநிலத்தின் பெரிய பாங்குகளுள் ஒன்று. ரிசர்வ் பாங்கின் வேண்டுகோளின்மேல் உயர்நீதிமன்றம் 1960 ஆகஸ்டு 8-இல் அதை மூட உத்தரவிட்டது. நாடெங்கும் விவாதம் எழுந்தது. உயிரோடிருந்த பாங்கை மூடியது முறையா என்றார் சிலர். இத்தனை ஆண்டுகள் ஏன் பொறுத்திருந்தீர்கள் என்றார் வேறு சிலர். இரு கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே உண்மை: பெட்டியில் இன்று ரொக்கம் இருப்பதும், கொடுத்த கடன் நாளை ரொக்கமாகத் திரும்புவதும் வெவ்வேறு. கடன்கள் உளுத்துப்போன பின், இன்றைய ரொக்கம் முதலில் வந்தவர்க்கு மட்டுமே உதவும். தொலைவில் உள்ளவரும் செய்தி அறியாதவரும் வரிசையின் கடைசியில் நிற்பார்கள்.

இந்த அநீதியைக் குறைக்கும் பொருட்டே, 1962 ஜனவரி முதல் தேதி டிபாசிட் இன்ஷூரன்ஸ் நடைமுறைக்கு வந்தது. அன்று ஒருவருக்கு ஒரு பாங்கில் 1,500 ரூபாய் வரை பாதுகாப்பு. அத்தொகை படிப்படியாக உயர்ந்து 2020 பிப்ரவரியில் 5 லட்சம் ரூபாய் ஆயிற்று. அதே 1962-இல், ரிசர்வ் பாங்கில் வைக்கவேண்டிய ரொக்க விகிதமும் மொத்தப் பொறுப்புகளில் நூற்றுக்கு 3 முதல் 15 வரை காலத்துக்கேற்ப விதிக்கத்தக்கதாக மாற்றப்பட்டது. நாளடைவில், ஒரு நாளின் இருப்பைப் பார்ப்பது போய், தினசரி இருப்புகளின் சராசரியைப் பார்க்கும் முறையும் வேரூன்றிற்று. ஒரு நாளைக்கு மட்டும் இரவல் வெள்ளியைப் பரப்பி வைக்கும் தந்திரம் சராசரியின் முன்னே செல்லாது.

பிற்காலத்தில் கணக்கெழுதும் முறையும் இதே வழியில் நடந்தது. ஐந்தொகையும் லாப நட்டக் கணக்கும் போதா என்று கண்டு, ஆண்டு முழுதும் ரொக்கம் வந்து சென்ற வழிகளைக் காட்டும் தனி அறிக்கை ஒன்றைக் கம்பெனிகள் தரும் முறை, 1997-இல் திருத்தி வெளியிடப்பட்ட கணக்குத் தரத்தின் வாயிலாக நிலைபெற்றது. அன்றாட அலுவலால் வந்தது, முதலீட்டால் வந்தது, மூலதனத்தாலும் கடனாலும் வந்தது என்று மூன்று பிரிவாக அது ரொக்கத்தைப் பகுத்துக் காட்டும். இறுதியாக, 2015 ஜனவரியில் தொடங்கி 2019 ஜனவரியில் முழுமை பெற்ற விதியொன்று, நெருக்கடி வந்தால் அடுத்த 30 நாட்களில் வெளியேறக்கூடிய பணத்துக்கு ஈடாக, விரைவில் ரொக்கமாகும் சொத்தைப் பாங்குகள் வைத்திருக்க வேண்டும் என்றது. ஆக, அரையாண்டுக்கு ஒரு நாள் என்று தொடங்கிய பார்வை, வாரத்துக்கு ஒரு நாளாகி, தினசரிச் சராசரியாகி, இன்று வரப்போகும் முப்பது நாட்களை நோக்கித் திரும்பியிருக்கிறது. ஒரு நூற்றாண்டின் வளர்ச்சி இதுவே.

இவ்வளவும் அறிஞர்களுக்கும் அதிகாரிகளுக்கும் உரியவை. நமக்கென்ன என்று இருந்துவிடுதல் ஆகாது. பாங்கின் ஆண்டறிக்கை நம் கைக்கு எட்டும் பொருள். அதை எடுத்து மூன்று கேள்விகள் கேட்கலாம். ரொக்க இருப்பு சென்ற ஆண்டு இதே நாளில் எவ்வளவு, அதற்கு முந்திய ஆண்டு எவ்வளவு? வந்த ரொக்கம் டிபாசிட்டாலும் திரும்பிய கடன்களாலும் வந்ததா, அன்றிப் பத்திரங்களை விற்றும் கடன் வாங்கியும் வந்ததா? அறிவித்த லாபம் கைக்கு வந்த லாபமா, ஏட்டில் நிற்கும் லாபமா? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்காமல், வட்டி மட்டும் ஊரில் எவரும் தராத அளவுக்குக் கிடைத்தால், அங்கே நம் பணத்தை வைக்குமுன் ஒரு முறைக்கு இருமுறை எண்ணுதல் நலம். ஓரிடத்தில் வைக்கும் தொகை இன்ஷூரன்ஸ் எல்லைக்குள் அடங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

நம் இல்லங்களில் வரவு செலவு எழுதும் தாய்மார்கள் இக்கலையை எவரிடமும் பாடங்கேட்டுக் கற்றவர்களல்லர். மாத முடிவில் பெட்டியில் ஐந்நூறு ரூபாய் மிஞ்சினால் அவர்கள் அதை எண்ணி மகிழ்வதோடு நிற்பதில்லை. சம்பளத்தில் மிஞ்சியதா, பால்காரருக்குப் பாக்கி வைத்ததால் மிஞ்சியதா என்று பார்ப்பார்கள். 1913-இல் லாகூரிலும் பம்பாயிலும் மூடிய கதவுகளின் முன் நின்றவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதற்குரிய கணக்கு அவர்கள் கையில் இல்லை. இன்று நம் கையில் அது இருக்கிறது. அதைத் திறந்து பார்ப்பதுதான் நாம் செய்யவேண்டிய காரியம்.